கெப் வண்டியின் பின் எக்சலில் ஒயில் கசிவு: சீலை மாற்றும் முறை

மலைநாட்டில் கெப் வண்டி வைத்திருப்பவர்களில் பலர், பின் சில்லின் உட்புறத்தில் கறுப்பு ஈரம் படிந்திருப்பதைக் கண்ட பின்பும், ஒயில் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். எக்சல் சீலை, அதாவது சில்லைச் சுழற்றும் தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டி வெளியேறும் ஒயில் நேராகச் சென்று சேரும் இடம் பிரேக் ட்ரம்மின் உட்புறம் என்பதையும், கைப் பிரேக் பிடிப்பதும் அதே பின் சில்லுகளில்தான் என்பதையும் நினைத்துப் பார்த்தால் எவரும் ஒரு வாரம்கூடப் பொறுத்திருக்க மாட்டார்கள். நுவரெலியாவிலிருந்து மரக்கறி மூட்டைகளுடன் றம்பொடைப் பக்கம் இறங்குகின்ற வண்டியோ, அப்புத்தளையிலிருந்து பெரகலை நோக்கி வளைவுகளில் இறங்குகின்ற வண்டியோ, ஒரு பக்கப் பின் பிரேக் பிடிக்காமல் இறங்குவது உயிரோடு தொடர்புடைய விடயம். ஆகவே இந்தக் கசிவை ஒயில் செலவாகக் கணக்கிடாமல் பிரேக் பழுதாகவே கருதிச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யும்போது, சீல் ஏன் பழுதானது என்ற காரணத்தையும் தேடிக் களைய வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றிய வண்டி, அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் மீண்டும் கராஜுக்கு வந்து நிற்கும்.

இங்கு சொல்லப்படுவது, இலைவில்லின் மேல் ஒரே துண்டாக அமைந்த பின் அச்சும் ட்ரம் பிரேக்கும் உள்ள கெப் வண்டிகளுக்குரிய முறையாகும். டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200 போன்ற, நம் பகுதிகளில் அதிகம் ஓடுகின்ற வண்டிகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் எக்சல் ஷாப்ட்டின் வெளி முனைக்கு அருகே ஒரு பெயாரிங் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அது நகராதபடி அதன் உட்பக்கத்தில் ஓர் இரும்புக் கொலர் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். சில வண்டிகளில் பூட்டு நட் ஒன்று அந்த வேலையைச் செய்யும். அச்சின் நடுவில் பற்சக்கரங்கள் அடங்கிய பெட்டியான டிபரன்ஷலில் இருக்கும் ஒயில் அச்சுக் குழாய் வழியாக வந்து பெயாரிங்கையும் ட்ரம்மையும் அடையாமல் தடுப்பது, குழாயின் முனையில் அமர்ந்திருக்கும் உள் சீல். அதன் ரப்பர் உதடு கொலரின் மேலோ ஷாப்ட்டின் வழவழப்பான பகுதியின் மேலோ உராய்ந்தபடி இருக்கும். பெயாரிங்குக்கு வெளியே இன்னொரு சீலும் உண்டு. லொறிகளில் காணப்படும், ஹப்பின் நடுவில் போல்ட்டுகளைக் கழற்றி ஷாப்ட்டை உருவும் அமைப்பு வேறு. அதற்கு இந்த முறை பொருந்தாது.

முதலில் கசிவது எதுவென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பின் சில்லின் உட்புறம் நனைந்திருந்தால் அது கியர் ஒயிலாகவும் இருக்கலாம், சில்லுச் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் ஒயிலாகவும் இருக்கலாம். கியர் ஒயில் தடிப்பானது, விரலில் ஒட்டி நூலாக இழுபடும், அதிலுள்ள கந்தகச் சேர்மானத்தால் ஒரு கடுமையான வாடை வீசும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவருக்குப் பின்னர் சந்தேகம் வராது. பிரேக் ஒயில் மெல்லியது, தண்ணீர் ஊற்றினால் அதனுடன் கலந்து கழுவப்படும்; அது கசிகிறதென்றால் பொனட்டின் உள்ளே இருக்கும் பிரேக் ஒயில் டப்பாவில் மட்டமும் இறங்கியிருக்கும். பிரேக் பாகங்களைத் தாங்கும் தகடான பேக் பிளேட்டின் அடி விளிம்பிலிருந்து டயரின் உட்பக்கச் சுவரில் கோடுகளாக விசிறியடித்த கறுப்பு ஈரமும், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பதும், சரிவில் கைப் பிரேக் முன்புபோல் நிற்காததும் எக்சல் சீலையே சுட்டுகின்றன. அச்சுக் குழாயும் பேக் பிளேட்டும் சேரும் பொருத்தில் உள்ள கஸ்கட் பழுதானாலும் இதே ஈரம் தோன்றும் என்பதால், எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு ஒருநாள் ஓட்டிப் பார்த்தால் ஒயில் எங்கிருந்து புறப்படுகிறது என்பது தெளிவாகும்.

சீல் பழுதாவதற்கான காரணங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னர் பார்க்க வேண்டியது பிரீதர். அச்சுக் குழாயின் மேற்புறத்தில் சிறிய தொப்பி போன்ற மூடியுடன் இருக்கும் இந்தக் காற்றுத் துவாரம், சில வண்டிகளில் ஒரு ரப்பர்க் குழாய் வழியாக வண்டியின் அடிச்சட்டமான சசியின் மேற்பகுதிவரை செல்லும். வண்டி ஓடும்போது டிபரன்ஷல் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிவடைகிறது. அந்தக் காற்று பிரீதர் வழியாக வெளியேற முடியாவிட்டால், அழுத்தம் சீலின் உதட்டைத் தள்ளி ஒயிலையும் வெளியே கொண்டுவந்துவிடும். தோட்டப் பாதைகளின் சேறு இந்தத் துவாரத்தை அடைத்துக் காய்ந்துவிடுவது மிகச் சாதாரணம். ஏற்றத்தில் சூடேறிய அச்சு, ஓடையையோ வெள்ளம் நிற்கும் பள்ளத்தையோ கடக்கும்போது திடீரென்று குளிர்கிறது. அப்போது உள்ளே காற்று சுருங்குவதால், அடைபட்ட பிரீதர் உள்ள அச்சு சீலின் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஒயில் பால் கலந்த தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தால் நடந்தது இதுதான். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஊதிப் பார்த்து, மூடி எளிதாக அசையாவிட்டால் புதியதொன்றைப் போட வேண்டும். விலை மிகக் குறைந்த இந்தப் பாகத்தைப் பார்க்காமலேயே சீலை இரண்டு மூன்று முறை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. அடிக்கடி தண்ணீரைக் கடக்க வேண்டிய வண்டிக்கு, பிரீதரில் நீளமான குழாயொன்றைப் பொருத்தி அதன் முனையை சசியின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுவதைச் செலவாகவே நினைக்கக் கூடாது.

மலைநாட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தோட்டப் பாதையின் ஓரத்தில் ஒரு பக்கச் சில்லுகள் கானில் இறங்கியபடி கொழுந்து ஏற்றுவதற்காக நெடுநேரம் நிற்கும் வண்டியில், ஒயில் முழுவதும் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடி அந்தப் பக்கச் சீலின் மேல் நிற்கும். நல்ல சீல் அதைத் தாங்கும். உதடு இறுகிப்போன பழைய சீல் அந்த வேளையில்தான் முதன்முதலாகக் கசியத் தொடங்கும். சரிவில் நிறுத்திய வண்டியில் ஒயில் மட்டத்தைப் பார்த்து, குறைவாக இருக்கிறதென்று நினைத்து மேலதிகமாக ஊற்றிவிடுவதும் இதே விளைவைத் தரும். இவற்றுடன் நீண்ட இறக்கங்களில் ட்ரம்மில் உண்டாகும் வெப்பமும் சேர்கிறது. சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல்கள் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து சூடேறினால் படிப்படியாக இறுகி, நெகிழ்வை இழந்துவிடும். தாழ்ந்த கியரில் எஞ்சின் பிடிப்புடன் இறங்கும் பழக்கம் பிரேக்கை மட்டுமன்றிச் சீலையும் காப்பாற்றும்.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் பெயாரிங் தேய்மானம். பெயாரிங் ஆடினால் ஷாப்ட் ஆடும்; ஆடும் ஷாப்ட்டை எந்தச் சீலாலும் தழுவி நிற்க முடியாது.

கழற்றுதல்

சமதளமான, இறுகிய தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலைநாட்டில் இது எளிதன்று என்பது உண்மைதான். ஆனாலும் வீட்டு வாசல் சரிவாக இருந்தால், கோயில் முன்றலோ கடைத்தெரு மைதானமோ கேட்டுப் பெற்றாவது சமதளத்தில் வேலை செய்ய வேண்டும். முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, சில்லு நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பின், டிபரன்ஷலின் அடியில் ஜெக்கை வைத்து உயர்த்தி, அச்சுக் குழாயின் இரு பக்கங்களிலும் ஜெக் ஸ்டாண்ட் வைத்து இறக்க வேண்டும். கருங்கல்லையும் சீமெந்துக் கல்லையும் ஸ்டாண்டாகப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் சீமெந்துக் கல் எச்சரிக்கை எதுவும் தராமல் பிளந்துவிடும். வண்டி உறுதியாக அமர்ந்துவிட்டதைக் குலுக்கிப் பார்த்த பின்னரே கைப் பிரேக்கை விடுவிக்க வேண்டும்.

ஒயிலை வடிக்கும்போது, மேலே உள்ள நிரப்பும் நட்டை முதலில் கழற்றிப் பார்ப்பது கட்டாயம். அடி நட்டைக் கழற்றி ஒயிலையெல்லாம் வடித்த பிறகு, மேல் நட் துருப்பிடித்து வர மறுத்தால் வண்டியை அசைக்கவே வழியில்லாமல் போய்விடும். வடிநட்டில் காந்தம் இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். சாம்பல் நிறப் பசைபோன்ற படிவு வழக்கமானது. இரும்புச் சிம்புகளும் பல்லின் துண்டுகளும் ஒட்டியிருந்தால் பழுது சீலோடு நிற்கவில்லை, டிபரன்ஷலையே திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

சில்லைக் கழற்றிய பின் ட்ரம் வர மறுத்தால் சுத்தியலால் ஓங்கி அடிப்பது தவறு. பல ட்ரம்களில் எதிரெதிராக இரண்டு மரையிட்ட துளைகள் இருக்கும். ஹைலக்ஸில் அவை 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்குரியவை. அவற்றில் இரண்டு போல்ட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் ட்ரம் நேராக வெளியே வரும். அப்படியும் வராவிட்டால், ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூக்கள் தேய்ந்த ட்ரம்மின் உள்விளிம்பில் மாட்டிக்கொண்டிருக்கும் என்பதால், பேக் பிளேட்டின் பின்புறத் துளை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் தூசியை ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனர் பழையதாக இருந்தால் அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து நனைத்துத் துணியால் துடைத்து எடுப்பதே பாதுகாப்பானது.

இந்த வகை அச்சில் பேக் பிளேட் ஷாப்ட்டோடு சேர்ந்தே வெளியே வருவதால், பிரேக் குழாயையும் கைப் பிரேக் கேபிளையும் கழற்றிவிட வேண்டும். பிரேக் குழாயின் நட் மென்மையானது, சாதாரண ஸ்பேனரில் எளிதாக வழுக்கி உருண்டுவிடும். குழாய் நட்டுக்கென்று உள்ள ஸ்பேனரையே பயன்படுத்தி, கழற்றிய குழாயின் வாயை உடனே அடைத்துவிட வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் அதன் சென்சரையும் முன்கூட்டியே கழற்றி ஒதுக்க வேண்டும். பின்னர் பேக் பிளேட்டின் பின்புறத்தில் உள்ள நான்கு நட்டுகளைக் கழற்றினால் ஷாப்ட் விடுபடும். துரு காரணமாக அது வர மறுத்தால், ட்ரம்மைத் தலைகீழாகத் திருப்பி இரண்டு நட்டுகளில் தளர்வாக மாட்டி, அதை வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுத்து இழுத்து அடிப்பது கராஜ்களில் நெடுங்காலமாகக் கையாளப்படும் நல்ல உத்தி. ஷாப்ட் வெளியே வரும்போது இருவர் பிடித்து, அது தொங்காமல் நேராக வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயாரிங்கும் உராயும் இடமும்

வெளியே எடுத்த ஷாப்ட்டில் பெயாரிங்கை மெதுவாகச் சுழற்றிப் பார்த்தால், சொரசொரப்போ தடங்கலோ அசைவோ இருப்பது கைக்குத் தெரியும். ஒயிலும் தண்ணீரும் புகுந்த பெயாரிங்கை நான் மீண்டும் பயன்படுத்தச் சொல்லமாட்டேன். ஷாப்ட்டை வெளியே எடுக்கும் உழைப்பே இந்த வேலையின் பெரும்பகுதி. அவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பழைய பெயாரிங்கை உள்ளே அனுப்புவது சிக்கனம் ஆகாது. கொலரை அகற்ற, அதன் ஒரு பக்கத்தைக் கிரைண்டரால் மெல்லியதாகத் தேய்த்து, ஷாப்ட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னரே நிறுத்தி, உளியால் ஓர் அடி கொடுத்துப் பிளக்க வேண்டும். கிரைண்டர் ஷாப்ட்டில் விழுந்தால் அந்தக் கீறலிலிருந்தே ஷாப்ட் ஒருநாள் வெடித்து முறியும். பெயாரிங்கைக் கழற்றுவதும் புதியதை ஏற்றுவதும் ஹைட்ரோலிக் பிரஸ்ஸில் செய்ய வேண்டிய வேலையாகையால், ஷாப்ட்டை லேத் வேலைத்தலத்துக்குக் கொண்டுபோவதே சரி. கொண்டுபோகும் முன், பேக் பிளேட், பெயாரிங் வீடு, வெளிச் சீல், பெயாரிங், கொலர் ஆகியவை எந்த ஒழுங்கில், எந்தப் பக்கம் பார்த்து ஏறியிருந்தன என்பதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்திருக்க வேண்டும். கொலரை ஏற்றிய பிறகு பேக் பிளேட் வெளியே கிடப்பதைக் கண்டால், புதிய கொலரையும் வெட்டி எறிய வேண்டிவரும்.

சீல் உதடு உராயும் இடத்தை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளக்கோடு விழுந்திருந்தால் எத்தனை புதிய சீல் போட்டாலும் அந்தக் கோட்டின் வழியாக ஒயில் வரும். உதடு கொலரின் மேல் உராயும் அமைப்பாக இருந்தால் புதிய கொலருடன் இந்தக் கவலை தீர்ந்துவிடும். ஷாப்ட்டின் மேலேயே உராயும் அமைப்பாக இருந்தால், கால் மில்லிமீற்றரைவிடச் சற்றே தடித்த துருப்பிடிக்காத உருக்கு உறை ஒன்றை அந்த இடத்தின் மேல் ஏற்றலாம்; அளவு கொடுத்தால் பெரிய பெயாரிங் கடைகளில் வரவழைத்துத் தருவார்கள். அதற்கு வழியில்லாவிட்டால், சீல் அமரும் வாயில் இடமிருக்கும் பட்சத்தில் புதிய சீலை ஓரிரு மில்லிமீற்றர் முன்னோ பின்னோ அமர்த்தி, உதடு பள்ளக்கோட்டைத் தவிர்த்து உராயும்படி செய்யலாம். பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிட வேண்டும். பதப்படுத்திய உருக்காலான எக்சல் அந்தச் சூட்டில் வலிமையை இழக்கும். எடையுடன் ஏற்றத்தில் முறியும் எக்சல், சில்லோடு சேர்ந்து வெளியே வந்துவிடக்கூடும்.

புதிய சீலை அமர்த்துதல்

பழைய சீலைப் பிடுங்குவதற்கு முன், அது குழாயின் வாயிலிருந்து எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருக்கிறது என்பதை வேர்னியர் கலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். சீலின் முகத்தில் பொறித்திருக்கும் எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். 50, 68, 9 என்று இருந்தால், ஷாப்ட் பக்க விட்டம் 50 மில்லிமீற்றர், வெளி விட்டம் 68 மில்லிமீற்றர், தடிப்பு 9 மில்லிமீற்றர் என்று பொருள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உதிரிப்பாகக் கடைக்குப் போகும்போது பழைய சீலையும் கையில் கொண்டுபோய், உதடுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. ஒரே அளவில் மலிவான சீலும் இருக்கும், தரமானதும் இருக்கும். இந்த ஒரு பாகத்தில் மலிவைத் தேடுவது தகாது.

சீல் அமரும் வாயைத் துணியால் துடைத்து, கீறல்களையும் துருவையும் மிக நுண்ணிய உப்புத்தாளால் நீக்கி, குழாயின் உள்ளே தூசி போகாதபடி துடைத்தெடுக்க வேண்டும். உட்புறத்தில் சுருள் வில் தெரியும் முகம் ஒயில் இருக்கும் பக்கத்தை, அதாவது டிபரன்ஷலை நோக்கி இருக்க வேண்டும். வெளி விளிம்பு வெறும் இரும்பாக இருந்தால் அதில் மெல்லியதாகச் சீலன்ட் தடவலாம். ரப்பர் பூசியதாக இருந்தால் ஒயில் தடவினால் போதும். உதட்டில் கியர் ஒயிலும், இரண்டு உதடுகள் இருந்தால் இடைவெளியில் சிறிது கிறீஸும் வைக்க வேண்டும். உலர்ந்த உதடு முதல் சில கிலோமீற்றர்களிலேயே கருகிவிடும். சீலின் வெளி விட்டத்துக்குச் சற்றுக் குறைவான இரும்புக் குழாய்த் துண்டையோ பழைய பெயாரிங்கின் வெளி வளையத்தையோ வைத்து, சுற்றிலும் சமமாக மெதுவாகத் தட்டி, அளந்து வைத்த ஆழம் வரும்வரை இறக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து இறங்கிய சீலைத் திருத்த முயலாமல், பிடுங்கிவிட்டு வேறொன்றை வாங்க வேண்டும்.

புதிய சீல்கள் மிக அதிகமாகப் பழுதாவது ஷாப்ட்டை உள்ளே தள்ளும் அந்த அரை நிமிடத்தில்தான். ஷாப்ட் முனையின் பல்வரிசை உதட்டின் மேல் உரசினால் கண்ணுக்குத் தெரியாத வெட்டு விழும். வண்டி ஓடத் தொடங்கியவுடன் கசியும். ஒருவர் வெளிமுனையைத் தாங்க, மற்றவர் ஷாப்ட்டின் அடியில் கை கொடுத்து, சீலைத் தொடாமல் நடுவாகக் கொண்டுபோய், டிபரன்ஷலின் பற்களுடன் பொருந்தும்வரை மெல்லத் திருப்பித் தள்ள வேண்டும். பேக் பிளேட்டுக்கும் அச்சு முனைக்கும் இடையே புதிய கஸ்கட்டோ ஓ-ரிங்கோ போட்டு, நான்கு நட்டுகளையும் குறுக்காக மாறிமாறி, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டோர்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும்.

ஒயில் ஊறிய பிரேக் ஷூக்களைப் பெற்றோலில் கழுவியோ நெருப்பில் வாட்டியோ மீண்டும் போடுவதை ஒருபோதும் ஏற்க முடியாது. மேற்பரப்பு காய்ந்ததுபோல் தோன்றினாலும், முதல் நீண்ட இறக்கத்தில் லைனர் சூடானதும் உள்ளே ஊறிய ஒயில் மேலெழுந்து வரும். இரு பக்கப் பின் ஷூக்களையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதியதாக இருந்தால் பிரேக் சமனாகப் பிடிக்காது. ட்ரம்மைப் பிரேக் கிளீனரால் துடைத்து மாட்டி, பிரேக் குழாயை இணைத்து, கையேடு சொல்லும் வகைப் பிரேக் ஒயிலை ஊற்றி, மிதி இறுகும்வரை காற்றெடுத்து, ஷூவையும் கைப் பிரேக்கையும் சரிபார்க்க வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் இறக்கிய பின்னரே கியர் ஒயிலை ஊற்ற வேண்டும். பெரும்பாலான கெப்களுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-90 பொருந்தும்; ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி வகை டிபரன்ஷலுக்கு அதற்கென்று உள்ள ஒயிலே வேண்டும். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் ஒயில் தட்டியதும் நிறுத்த வேண்டும், அதற்குமேல் ஒரு கிண்ணம்கூட ஊற்றக் கூடாது. வடித்த பழைய ஒயிலைக் கானில் ஊற்றுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். லயத்துப் பீலிக்கும் கீழேயுள்ள ஊர்களின் கிணற்றுக்கும் போவது அந்தத் தண்ணீர்தான். மகாவலியும் களனியும் தொடங்குவதும் இந்த மலைகளின் ஓடைகளில்தான். மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய ஒயில் வாங்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும்.

முதல் ஓட்டத்தைச் சமமான பாதையில், சுமையின்றி, மெதுவாகத் தொடங்கி, பலமுறை பிரேக் பிடித்துப் பார்த்து, வண்டி நேராக நிற்கிறது என்று உறுதியான பின்னரே இறக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். திரும்பி வந்ததும் இரண்டு ட்ரம்களுக்கும் அருகே கையை நீட்டிச் சூட்டை ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் மிகையாகக் கொதித்தால் அந்தப் பக்கத்து ஷூ இறுக்கமாக அமைந்திருக்கிறது. 100 கிலோமீற்றர் அளவில் ஓடிய பிறகு சில்லு நட்டுகளை மீண்டும் இறுக்கி, பேக் பிளேட்டின் அடியைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். பழைய ஒயில் ஒட்டியிருந்து ஓரிரு துளி வருவது உண்டு. துடைத்த பிறகும் புதிதாக நனைந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும். மறுபக்கச் சீலும் அதே வயதுடையது, அதே சேற்றிலும் அதே சூட்டிலும் உழைத்தது. ஆகவே கசியாவிட்டாலும் அதற்குரிய சீலை இப்போதே சேர்த்து வாங்கி வைத்து, அடுத்த முறை பின் ட்ரம்மைத் திறக்கும்போது அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும்.